கல்லூரி நூலகத்துக்குத் தோட்டத்து மக்களை எப்படி வரவைப்பது?

செம்பனைச்சாலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறிய கல்லூரியின் நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. நூலகர் ஒருவர், நான், பகுதி நேரத்துக்கு இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான் ஆள். மாதாமாதம் நூலகச் செய்தி மடல் போடுவது என் பொறுப்பு. புதிதாக வந்த நூல்கள், தேர்வு நேரத்தில் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், என்ன பட்டறை, என்ன போட்டி என்று நாலு பக்கம் வரும். போன வருஷம் நிர்வாகத்திடம் பல தடவை கேட்டு அதில் ஒரு பக்கத்தைத் தமிழுக்கு வாங்கினேன்.

எங்களிடம் நானூற்றுச் சொச்சம் தமிழ் நூல்கள் இருக்கின்றன. பாதி ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறியபோது கொடுத்தவை. மீதி, காலமான ஒரு கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) வீட்டிலிருந்து அவர் மகள் காரில் கொண்டுவந்து இறக்கியவை. அந்தப் பெட்டிகளின் அடியில் 1960களின் தமிழ் நேசன் தாள்கள் ஒரு கட்டும், பிஸ்கட் டின் நிறையப் புகைப்படங்களும் இருந்தன. நேசன் 1924இல் ஆரம்பித்து 2019 ஜனவரியோடு நின்றுபோன பத்திரிகை. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இதெல்லாம் சுற்றியிருக்கிற ரப்பர், செம்பனைத் தோட்டத்து மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சமூக நாள் என்று பெயர் வைத்து, நூலகத்தை வெளியாருக்கும் திறந்து வைக்கிறோம். மூன்று முறை நடத்தியாயிற்று. முதல் முறை ஆறு பேர், அதில் நாலு பேர் எங்கள் ஊழியர்களின் பிள்ளைகள். இரண்டாம் முறை நல்ல மழை. மூன்றாம் முறை நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

பத்தரை மணி இருக்கும். ஒரு பாட்டி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தார். இங்கே கழற்ற வேண்டாம் பாட்டி என்றேன், பரவாயில்லைம்மா என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டது. பேத்தி இங்கே படிக்கிறாள், பழைய பேப்பர் இருக்கிறது என்று சொன்னாள், பார்க்கலாம் என்று வந்தேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கம்போலப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, பெயர், அடையாள அட்டை எண், நேரம் மூன்றையும் சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் அந்தக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அப்புறமா வரேம்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே படி வரைக்கும் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. தமிழ் நூல்களை எங்கள் கணினி அட்டவணையில் தேடினால் மாணவர்களுக்கே கிடைப்பதில்லை. அலமாரியில் இருக்கும் நூலை இல்லை என்று காட்டுகிறது. அந்த நேசன் கட்டில் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வேறு. என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பால்மரக்காடு எழுதியது:

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் கெடாவில் பீடோங் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் வளர்ந்தேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் நேரம். சனிக்கிழமை காலை யாருக்கு வசதி? செம்பனைக் குலை வெட்டுகிறவர் அப்போது காட்டில் இருப்பார். வேலைக்குப் போகாத பெண்களுக்கு அது துணி துவைக்கிற, சமைக்கிற நேரம். சம்பளம் போட்ட வாரம் என்றால் குடும்பமே பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும். ஞாயிறு மாலை நாலு மணி வைத்துப் பார். எங்கள் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, கணக்கு வேறு. உங்கள் பேராவுக்கு ஞாயிறு பொருந்தும்.

இரண்டாவது, செய்தி மடல். நீ தமிழில் ஒரு பக்கம் வாங்கியது பெரிய காரியம். ஆனால் அது கல்லூரிக்குள்ளேயே சுற்றினால் தோட்டத்து ஆள் கண்ணில் எப்படிப் படும்? கோயில் அறிவிப்புப் பலகை, மளிகைக்கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கம், முடிவெட்டும் கடைக் கண்ணாடி, இந்த மூன்று இடத்தில் ஒட்டு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். அதோடு, அதே செய்தியை ஒரு நிமிஷத்துக்கு உன் குரலில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பு. எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பார். குரல் பதிவென்றால் மூன்று தடவை போட்டுக் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்க வைப்பார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அவர்கள் உன்னிடம் வருகிற வரைக்கும் காத்திருக்காதே. நீ போ. நூலகத் துறையில் இருக்கிற உனக்கு ரங்கநாதன் பெயர் தெரியாமல் இருக்காது. சீர்காழியில் பிறந்தவர், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதி எழுதியவர். அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள், அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அன்றைக்கு மாட்டுவண்டியில் முடிந்தது என்றால் இன்றைக்கு உன் கல்லூரி வேனில் முடியாதா? இரண்டு பெட்டி புத்தகம், அந்தப் புகைப்பட டின், ஒரு மடக்கு மேசை. கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டு வாங்கு. கோயில் தலைவரிடம் நீயே நேரில் போய்க் கேட்க வேண்டும். கடிதம் அனுப்பினால் மேசையில் கிடக்கும்.

அந்தப் பாட்டி விஷயம் எனக்கும் பிடிபடவில்லை. கூச்சமாக இருக்கலாம்.

எண்894 எழுதியது:

பெயர் வைத்திருப்பதைப் பார்த்தே தெரிந்திருக்கும், நான் அட்டவணைக்காரன். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூவி பகுப்பில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இருபது வருஷமாக இந்த எண்களோடுதான் குடித்தனம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நூல் அலமாரியில் இருந்தும் அட்டவணையில் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தலைப்பை ரோமன் எழுத்தில் மட்டும் ஏற்றியிருப்பார்கள். நூலகங்கள் வழக்கமாகப் பின்பற்றுவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறை. அதில் 'ச' வந்தால் ஏ, பி, சி வரிசையின் சி எழுத்துதான். ஆகவே 'சங்க இலக்கியம்' சி எழுத்தில் தொடங்கும், நடுவில் 'க' வருமிடத்தில் கே போட்டிருக்கும். உங்கள் மாணவர் எஸ் போட்டு, நடுவில் ஜி போட்டுத் தேடுவார். ழ, ள, ற, ண எல்லாம் கீழே கோடும் புள்ளியும் போட்ட எழுத்துகள். அந்த முறை ஆராய்ச்சியாளருக்கு அவசியம், நான் குறை சொல்லவில்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றும் மார்க் (MARC) பதிவில் 245ஆம் புலம் தலைப்புக்கு. அதே தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே 880ஆம் புலத்தில் கொடுத்து, துணைப்புலம் 6 வழியாக இரண்டையும் இணைக்கலாம். ஆசிரியர் பெயருக்கும் அப்படியே. பிறகு கணினி தேடிப் பார்க்கும் புலங்களில் 880ஐச் சேர்த்திருக்கிறார்களா என்று உங்கள் மென்பொருள் ஆளிடம் கேளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவில் தமிழ் இருக்கும், தேடினால் வராது. மென்பொருளுக்குப் பணம் இல்லை என்றால் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது, விலை கிடையாது, ஒருங்குறித் தமிழை ஏற்கும். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள்.

நானூறு நூல் என்பது பெரிய வேலை இல்லை. நாளுக்குப் பத்து என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். தேடும் கணினியில் தமிழ் விசைப்பலகை போட மறக்காதீர்கள். கைப்பேசியில் தேடுகிறவர்களுக்குச் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி இருக்கிறது, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது.

இன்னொன்றும் செய்யுங்கள். குறிப்புப் புலத்தில் தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி வையுங்கள். எந்தத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து வந்தது, உள் அட்டையில் யார் முத்திரை, பரிசுப் புத்தகம் என்றால் என்ன போட்டிக்குக் கிடைத்தது, எல்லாம். நம் ஆட்கள் ஆசிரியர் பெயரை விடவும் தோட்டத்தின் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

கோலசிலாங்கூர்காரி எழுதியது:

நான் மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். அந்தப் பாட்டி ஏன் போனார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அக்கா.

அடையாள அட்டை எண் கேட்டீர்கள்.

என் பாட்டியிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்தவர். தோட்டத்தில் பிறந்தபோது யாரும் பதியவில்லை, பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் இன்னும் நிரந்தரவாசி மட்டும்தான். குடியுரிமை உள்ளவருக்குக் கொடுக்கும் நீல அட்டைக்காக எத்தனை தடவை எழுதிப் போட்டோம் என்று கணக்கே இல்லை. எங்கே போனாலும் கவுண்டரில் அட்டையைக் கேட்டால் அவர் முகம் மாறிவிடும். கிளினிக்கில்கூட அட்டையைக் கையால் மூடிக்கொண்டுதான் நீட்டுவார். பதிவேட்டில் எழுதினால் அடுத்து வருகிறவர் பார்ப்பார் என்று பயம். சிவப்பு அட்டை எண்ணைப் பார்த்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று அவராகவே நினைத்துக்கொள்வார்.

உங்களிடம் வந்த பாட்டிக்கும் அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கட்டங்களைப் பார்த்தார் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு என் பாட்டியின் கைதான் ஞாபகம் வந்தது.

புத்தகம் பார்ப்பதற்கு அடையாள அட்டை எண் எதற்கு? எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால் போதாதா? கல்லூரி வாயில் காவலரும் கேட்கிறாரா என்று பாருங்கள். அங்கேயே திரும்பிப் போனவர்கள் இருக்கலாம்.

பால்மரக்காடு எழுதியது:

மகளே, நீ சொன்னதுதான் சரி. எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எத்தனை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அவர்கள் அம்மாக்களோடு பதிவு அலுவலக வாசலில் நின்றிருக்கிறேன்.

பழந்தாள் எழுதியது:

பூச்சிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நேசன் கட்டை மற்ற நூல்களிடமிருந்து இன்றைக்கே பிரித்து வையுங்கள். மருந்து அடிக்க வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். தாள் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்று வெளியேற்றி நன்றாக ஒட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டு உறைபெட்டி என்றால் அவ்வளவு குளிராது, இரண்டு வாரம் விடுங்கள். முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் தாளில் வியர்த்துவிடும். புகைப்படங்களை உறைய வைக்க வேண்டாம்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேலே போனாலே பூஞ்சணம் வந்துவிடும். இரவில் ஏர்கோனை நிறுத்தும் நூலகங்களில் இதுதான் பெரிய தொல்லை. பகலில் குளிர்ந்த தாள் இரவில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு ஈரப்பதமானி வாங்கி அலமாரிக்குள்ளேயே வைத்து, காலையில் வந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும்.

மக்கள் வீட்டுத் தாள்களைக் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கண் முன்னாலேயே வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு இருந்தால் பொதுவில் வைக்கும் படியில் மறைத்துவிடுங்கள்.

செம்பனைச்சாலை எழுதியது:

இதை நாலு வாரம் கழித்து எழுதுகிறேன். செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

கோலசிலாங்கூர்த் தங்கச்சி எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பதிவேட்டை நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடையாள அட்டைக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் போட்டது, அப்படியே வந்துகொண்டிருக்கிறது. சமூக நாளுக்கு இனி பதிவேடு கிடையாது. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். வருகிறவர் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும், கடைசியில் எண்ணிக்கொள்வோம். வாயில் காவலருக்கு நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக் கொடுத்தோம். தங்கச்சி நினைத்தது சரிதான், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பேத்தியைக் கண்டுபிடித்தேன். கணக்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பாட்டியை நூலகத்துக்கு வரச் சொல்லவில்லை. ஐயா சொன்னபடி கோயில் தலைவரை நேரில் பார்த்து, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மேசை போட்டேன். புகைப்படங்களின் படிகளை ஏ4 அளவில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். புத்தகத்தைத் தொட்டவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். படங்களைச் சுற்றி மண்டபமே நின்றது. இது யார் தெரியுமா, இந்த ஸ்டோர் இப்போது இல்லை, இங்கேதான் பால் நிறுப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னால் எழுதிக்கொள்ள முடியவில்லை, பேத்திதான் கைப்பேசியில் பதிவு செய்தாள்.

பாட்டியும் வந்திருந்தார். அந்த மடித்த பிளாஸ்டிக் பையை அன்று திறந்தார். உள்ளே அவர் கணவரின் தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கப் பங்குப் பத்திரம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்குவதற்காக அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் ஆரம்பித்த சங்கம். அவர் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் என்பதால் இங்கே எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அந்தத் தாளை நான் பார்த்தது அன்றுதான். மடிப்பு விழுந்த நாலு இடத்திலும் அரிசிப் பசை வைத்து உள்பக்கம் சன்னத்தாள் ஒட்டியிருந்தார், அவ்வளவு நேர்த்தி. பட்டம் விடும் தாள் அது, மகனிடம் கேட்டு வாங்கியது என்றார். இத்தனை வருஷமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்துதான் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. எங்கள் வரலாற்று அலமாரியில் அதைப் பற்றி ஆங்கிலத்திலும் மலாயிலும் புத்தகங்கள் இருக்கின்றன. பாட்டிக்கு அப்போது ஏழு வயசு. அன்று சாயங்காலம் லயத்தில் யாரும் விளக்கேற்றவில்லை, அம்மா சோற்றை இருட்டிலேயே பிசைந்து ஊட்டினார் என்றார். ஒரு வரிதான் சொன்னார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நூலகத்தில் சமூக நாள். முப்பத்தேழு புளியங்கொட்டை. அதில் பாட்டியுடையதும் ஒன்று. செருப்பை இந்த முறையும் கழற்றித்தான் வந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கழற்றிவிட்டேன். அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைப் பேத்தி தமிழில் தட்டினாள். அண்ணன் சொன்ன 880 வேலை பாதிதான் முடிந்திருக்கிறது, அது வருமா என்று எனக்குப் படபடப்பு. மூன்று நூல் வந்தது. ஒன்றின் உள் அட்டையில் அந்தத் தோட்டப் பள்ளியின் ஊதா முத்திரை, கீழே ஆசிரியரின் கையெழுத்து. பாட்டி அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சாருக்கு இடது கை என்றார்.

நேசன் கட்டு இப்போது கல்லூரி உணவகத்தின் உறைபெட்டியில் இருக்கிறது. உணவகத்து அக்கா கோழிப் பைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி இடம் கொடுத்தார். வருகிற வியாழக்கிழமை எடுப்போம்.

அடுத்த மாதச் செய்தி மடலில் தமிழுக்கு இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் ஒரு புகைப்படம் போடப் போகிறேன்: பெரட்டுக் களத்தில் பதினெட்டுப் பெண்கள், தலையில் துண்டு, கையில் வாளி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் 7 என்ற எண். எந்தத் தோட்டம் என்று கோயிலில் யாராலும் சொல்ல முடியவில்லை. கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அப்படித் தொட்டியில் எண் எழுதியிருந்த தோட்டம் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். வீட்டில் பழைய தமிழ்ப் பத்திரிகை இருக்கிறவர்களும் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் இருக்கிறது, நானே வருகிறேன்.